தங்கைக்கு வாங்கிய வெளிச்சம்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் முன்னறைதான் என் ஸ்டுடியோ. அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினால் அது மறுபடியும் வீடு. அதனால் விளக்கு எதுவானாலும் மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ள முடிய வேண்டும். சேக்காட்டில் யாராவது காதுகுத்துக்குக் கூப்பிட்டால் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகவும் முடிய வேண்டும். அவ்வளவு பிரமாதமான ஸ்டுடியோ.

விளக்கு வாங்கும் அவசரம் தங்கையால் வந்தது. ஜாதகத்தோடு போன அவள் போட்டோ மூன்று வீடுகளிலிருந்து திரும்பி வந்திருந்தது. பெண் கொஞ்சம் நிறம் கம்மி என்று தரகர் நாசூக்காகச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ அந்தக் கறுப்பு என் கேமராவிலிருந்து வந்த மாதிரி. நானும் அப்படியே நம்பித் தொலைத்தேன்.

பாரிமுனைக் கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று குடை வைத்த ஃபிளாஷ். வெளிச்சம் மெதுவாக விழும், முகம் முகமாகவே இருக்கும். இன்னொன்று ஆயிரம் வாட் ஹாலஜன், மடக்கு ஸ்டாண்டோடு. கடைக்காரன் ஆளைப் பார்த்தே எடை போடுகிறவன்.

"இன்னா அண்ணாத்தே, பொண்ணு போட்டோவா? இத்த வாங்கினு போ. கரிக்கட்டையக்கூட பால்கோவா ஆக்கிடும்."

கூடப் பிறந்தவளைப் பற்றி ஒருவன் இப்படிச் சொன்னால் ரோஷமுள்ள அண்ணன் என்ன செய்வான்? நான், "ஹாலஜனே ரெண்டா குடுங்க" என்றேன்.

இரண்டையும் போட்டதும் ஃப்யூஸ் போனது. மாடி வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பாதியில் நின்றது, அவர்கள் என் வம்சத்தையே வாழ்த்தினார்கள். ஃப்யூஸில் தடித்த கம்பியாகச் சுற்றி மறுபடி போட்டேன். தங்கையின் முகத்தில் பவுடர் வழிந்தது.

"கண்ணு எரியுதுண்ணா."

அழகு வரும்போது கொஞ்சம் எரியத்தான் செய்யும் என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். பிரிண்ட் வந்தது. பளீரென்று ஒரு பெண். மூக்கைத்தான் தேட வேண்டியிருந்தது. அம்மா அந்தப் போட்டோவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

போட்டோவைப் பார்த்ததும் பாடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் உடனே பெண் பார்க்க வந்தார்கள். தங்கை காபி கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீ தங்கச்சியாம்மா? அக்காவ வரச் சொல்லு" என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"அக்கா யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான்" என்றாள் தங்கை.

காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்தார்கள். கொண்டுவந்த போட்டோவை நாற்காலியிலேயே விட்டுப் போனார்கள். தங்கை அதை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, என் கையில் வைத்தாள்.

"உனக்குப் புடிச்ச தங்கச்சி இவதாண்ணா. நீயே வச்சுக்க."