நான் கழுவிக் கெடுத்த ப்ளூபெர்ரி

தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஒரு சத்தம்... தென் நியூ ஜெர்சியில், பனி காய்ந்த ஒரு ஜூலை காலையில் அதை முதல்முறையாகக் கேட்டேன்.

செடி வரிசைக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கிற உயரமான வண்டி. அது நகர நகர, உள்ளே இருக்கும் நீளக் குச்சிகள் செடியை உலுக்கும். பழுத்த ப்ளூபெர்ரி கீழே இருக்கும் தட்டுகளில் கொட்டும்.

"இந்தச் சத்தம்தான் சார் பிரச்சினை," என்றார் அருள். "சத்தம் வந்தா பழத்துக்கு அடி பட்டுச்சுன்னு அர்த்தம்."

அருள் நாகர்கோவில்காரர். பல வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, மனைவி ஸ்டெல்லாவோடு அந்தப் பண்ணையை எடுத்திருந்தார். நான் அப்போது உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு விவசாயச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

மெஷினில் பறித்த பழம் பெரும்பாலும் ஜூஸுக்கும் ஃப்ரீசருக்கும்தான் போகும். கடையில் டப்பாவில் விற்கிற ஃப்ரெஷ் பழம் என்றால் கையால் பறித்ததாக இருக்க வேண்டும். அந்த வருஷம், வழக்கமாகப் பறிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. பழமோ காத்திருக்காது. மெஷின் பழத்தை ஃப்ரெஷ்ஷாக யாராவது வாங்கினால்தான் அடுத்த வருஷமும் பண்ணை அவர்கள் கையில் இருக்கும்.

அருள் தட்டுகளுக்கு மேலே ஒரு வலைத்துணியை இழுத்துக் கட்டினார். மறுபடி ஓட்டினார்.

சத்தம் அடங்கிவிட்டது. பழம் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை...

வாங்குகிற கம்பெனி ஒரே ஒரு பரீட்சை வைத்தது. ஐந்து நாள் குளிர் அறையில் வைத்துவிட்டு, பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்கள். அடி பட்டிருந்தால் உள்ளே பழுப்பாக இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

அருள் என்னிடமும் இரண்டு டப்பா கொடுத்தார். ஒன்று கைப்பழம், ஒன்று மெஷின் பழம். "உங்க ஃப்ரிட்ஜுல வெச்சுப் பாருங்க சார். நாங்க பார்த்தா எங்களுக்கு நல்லதாத்தான் தெரியும்."

நான்காம் நாள் திறந்தேன். மெஷின் டப்பாவில் வெள்ளையாகப் பூஞ்சை. 'இயந்திரப் பழம் தேறவில்லை' என்று செய்தியின் முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன். பிறகுதான் கைப்பழ டப்பாவைப் புரட்டினேன். அதன் அடியிலும் பூஞ்சை. இது எப்படி?

அனுப்புவதற்கு முன்னால் ஃபோன் பண்ணினேன். ஸ்டெல்லா எடுத்தார். இரண்டு டப்பாவிலும் பூஞ்சை என்று சொன்னேன்.

"அண்ணே, ஒரு கேள்வி. கழுவினீங்களா?"

"ஆமா... வீட்டுக்கு வந்ததும். மேல வெள்ளையா மருந்து மாதிரி இருந்துச்சே."

"ஐயோ அண்ணே! அது மருந்து இல்ல, பழத்தோட சொந்தப் பவுடர். அதைக் கழுவி, ஈரத்தோட மூடி வெச்சா பூஞ்சை பிடிக்காம என்ன பண்ணும்?" சிரிப்பு அடங்க நேரமானது. "வெட்கப்படாதீங்க. மொத வருஷம் நாங்க ஒரு ட்ரே முழுக்கக் கழுவித் தொடச்சு, பளபளன்னு அனுப்பினோம். பவுடரே இல்லையே, இவ்வளவு பழைய பழமான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நம்ம ஆளுங்களுக்குப் பழத்தைப் பார்த்தா கை தானா குழாய்க்குப் போகுதே!"

எழுதின வரியை அழித்தேன். அது மறுநாள் பத்திரிகையில் வந்திருந்தால், வாங்குகிறவர்கள் பரீட்சைக்கே வந்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் நானும் போனேன். கம்பெனியிலிருந்து வந்திருந்த அம்மா சின்னக் கத்தியால் ஒவ்வொரு பழமாக வெட்டி, வெட்டின பக்கம் மேலே தெரிய வெள்ளைத் தாளில் அடுக்கினார். அருள் பக்கத்திலேயே குனிந்து நின்றார். ஸ்டெல்லா குளிர் அறைக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கைப்பழத்திலும் சில பழுப்பு! பறித்து வாளியில் போடும்போது விழுந்த அடியாம். அன்றுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

மெஷின் பழத்தில், கெட்டியான ரகம் பாஸ். மென்மையான பழைய ரகம் ஃப்ரீசருக்கு.

"என்னங்க, சொல்லுங்களேன்," என்றார் ஸ்டெல்லா, திரும்பாமலே.

"பாதி ஃப்ரெஷ்," என்றார் அருள். "போதும். அடுத்த வருஷமும் நாமதான்."

இப்போது நான் கலிஃபோர்னியாவில், ப்ளசன்டனில், மகள் வீட்டில். கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கையா, மெஷினா என்று எங்கேயும் போட்டிருக்காது. ஒன்றை வெட்டிப் பார்த்தால், "அப்பா, ஜஸ்ட் ஈட் இட்" என்கிறாள் மகள்.

போன சீசனில் ஸ்டெல்லாவிடம் பேசினேன். பழைய ரகச் செடிகளை எல்லாம் பிடுங்கிவிட்டார்களாம். பழம் பிரிக்கிற லைனில், உள்ளே பட்ட அடியையும் கண்டுபிடிக்கிற கேமரா வந்துவிட்டது. கத்தி, வெள்ளைத் தாள், ஐந்து நாள் ஒன்றும் இல்லை.

"ரிசல்ட் உடனே ஸ்க்ரீன்ல வந்துடுது அண்ணே," என்றார். "பயப்படக்கூட டைம் இல்ல..."