ஒரு மாத சீசன்

டாக்டர் ஐந்து வருடத்துக்கு எழுதினார். என் கணவர் ஒரு மாதத்துக்கு வாங்கி வந்தார். இந்த இரண்டு பேரில் யாருக்கு உண்மை தெரியும் என்ற கேள்வி ஒரு மாதம் என்னைப் போட்டுக் குடைந்தது.

டாக்டர் எழுதியது மாத்திரை. மார்பில் வந்த புற்றுநோய்க்கு அறுவை, ஊசி மருந்து, கரண்ட் வைப்பது என்று எட்டு மாதம் பெங்களூருக்கு அலைந்து, எல்லாம் முடிந்த நாளில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். இனிமேல் எப்படி இருக்க வேண்டும் என்ற திட்டம் அது. தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. இடது கையில் பாரம் தூக்கக் கூடாது, ஊசி போட விடக் கூடாது. காலையில் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிக் கையை உயர்த்திப் பழக வேண்டும். வேலைக்குப் போகலாம். கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

படித்து முடிப்பதற்குள், "நீங்க வெளிய இருங்கம்மா, சார்கிட்ட ஒரு நிமிஷம்" என்று டாக்டர் என் கணவரை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார். ஒரு நிமிஷம் என்றவர் பத்து நிமிஷம் பேசினார். வெளியே வந்த இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா சொன்னாரு?" என்றேன். "ஒன்னுமில்ல, வா, வண்டிய வுட்ருவோம்" என்றார். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

என் சந்தேகத்தைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெங்களூரில் ஒரு தையல் கம்பெனியில் நான் செக்கிங். சட்டை வந்தால் காலர், கை, பட்டன் எல்லாம் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி தைக்க ஆல்டருக்குத் திருப்பி அனுப்புவேன். பதினாறு வருடமாக நல்லதாகத் தெரியும் எதையும் நான் நம்பியதில்லை. அந்தப் பழக்கம் வாசலில் செருப்போடு கழன்றுவிடாது.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், இவர்தான் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போய் எனக்கு ரயில் சீசன் எடுத்து வந்தார். வாங்கிப் பார்த்தேன். ஒரு மாத சீசன்.

மற்றவர்களுக்கு அது ஒரு சீட்டு. எங்கள் வண்டியில் போகிறவர்களுக்கு அப்படி இல்லை. மாரிகுப்பத்தில் வண்டி காலியாகப் புறப்படும்போதே யார் எங்கே உட்காருவார்கள் என்பது எங்களுக்குள் முடிவாகியிருக்கும். அத்தனை பேரும் மூன்று மாத சீசன்தான் எடுப்போம். யாராவது ஒரு மாதம் எடுத்தால், அவர் வேலையை விடப் போகிறார், இல்லை வீட்டைப் பெங்களூருக்கு மாற்றப் போகிறார் என்று அர்த்தம். அவர் இடத்துக்கு அன்றைக்கே வேறு ஆள் கேட்டு வைப்பார்கள். மாத சீசன் எடுத்தவர் வண்டியை விட்டுப் போகப் போகிறவர். பதினாறு வருடத்தில் இந்தக் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை.

நான் வேலைக்குப் போன நாளாக இவர் மூன்று மாத சீசன்தான் எடுத்துத் தருவார். இப்போது மட்டும் ஏன் ஒரு மாதம்? கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று நினைத்து, சீட்டை மடித்து, சீசனுக்கான ஃபோட்டோ கார்டு உறையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் விட்ட தையல்தான். இங்கேயே பக்கத்தில் பாலகாட்டில் இருக்கும் இவருடைய அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை ஆட்டுக்கால் சூப்போடு வந்து நின்றார். நான் நன்றாக இருந்த காலத்தில் ஒரு தடவை உப்பு கேட்டதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர் அவர். "இன்னா அண்ணி, திடீர்னு இவ்ளோ பாசம்?" என்று கேட்டேன்.

"ஏன், நான் வரக் கூடாதா? குடிமா, ஆறிடப் போவுது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் மூக்கை உறிஞ்சினார். வெங்காயம் கூட அன்றைக்கு நறுக்கவில்லை.

கோயிலில் போதகர் ஐயா, ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து சாட்சி சொல்லும்படி கேட்டார். சுகம் கிடைத்தவர்கள் சபைக்கு முன்னால் அதைச் சொல்வது வழக்கம்தான். ஆனால் இவ்வளவு அவசரமாக ஏன் கேட்கிறார்? தள்ளிப்போட்டால் சொல்ல ஆள் இருக்காது என்று நினைக்கிறாரா? "அஞ்சு வருஷம் ஆவட்டும் ஐயா, நானே வந்து சொல்றேன்" என்றேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன்.

வண்டியிலும் அதே கதைதான். பக்கத்துக் குடியிருப்பு லைனில் இருந்து வரும் என் தோழி பத்து வருடமாக விட்டுக்கொடுக்காத ஜன்னல் ஓர இடத்தை முதல் நாளே எனக்குக் கொடுத்தாள். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, பயம்தான் வந்தது. பங்காருபேட்டை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஐந்து வருடத்தையும் ஒரு மாதத்தையும் மனதில் எடை போட்டுக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் என்று எல்லோருக்கும் எழுதுவார்கள். அது அச்சடித்த தாள். இவர் என்னோடு இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவர், பத்து நிமிஷம் தனியாகக் கேட்டுவிட்டு வந்தவர். சீட்டு எடுத்தவருக்குத்தான் தெரிந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தேன். மாத்திரையை மட்டும் ஒரு நாள் கூட விடவில்லை. சந்தேகம் இருந்தாலும் சாக ஆசை இல்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது வண்டியில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். புது ஆள். என் கார்டில் இருக்கும் ஃபோட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபோட்டோவில் இடுப்பு வரை பின்னல் போட்டு, கன்னம் உப்பி ஒருத்தி இருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு விரல் நீளத்துக்குத்தான் முடி.

"இது நீவேனா?" என்றார் கன்னடத்தில்.

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. என் தோழிதான் பாய்ந்தாள். "அவங்கதான் சார். ஒடம்பு சரியில்லாம இருந்து வந்துகீறாங்க. இன்னாத்துக்கு சார் அப்டி பாக்கறீங்க?"

அவர் குரல் இறங்கிவிட்டது. தமிழிலேயே, "ஃபோட்டோ மாத்திருங்கம்மா. சீசனும் நாலு நாள்ல முடியுது" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். உலகத்தில் என்னையும் சந்தேகப்பட ஒருவர் இருக்கிறார் என்று கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் இறங்கும் வரைக்கும் அந்த நாலு நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும், கார்டில் ஒட்ட வேறு ஃபோட்டோ இருக்கிறதா என்று தேடினேன். ஸ்கெலட்டன் என்ற பழைய சுரங்க லைனில் எங்கள் வீடு சின்னது. முக்கியமான தாள் எல்லாம் இவருடைய ரெக்சின் பைக்குள்தான் இருக்கும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு சீட்டு இருந்தது. பழைய சீசன். மூன்று மாதத்துக்கு எடுத்தது. தேதியைப் பார்த்தேன். அதற்கு ஒன்பதாவது நாள்தான் எனக்குக் கட்டி இன்னதென்று ரிப்போர்ட் வந்தது. ஒன்பது நாள் போய்விட்டு, மிச்ச நாளுக்கெல்லாம் நான் ஏறாத வண்டி.

இவர் உள்ளே வந்தபோது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"டாக்டர் உங்ககிட்ட இன்னா சொன்னாரு? எனக்கு ஒரு மாசந்தானா?"

இவர் நின்ற இடத்திலேயே நின்றார். "இன்னா பேசற நீ?"

"ஏன் ஒரு மாச சீசன் எடுத்தீங்க?"

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பழைய சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"டாக்டர் உன்னப் பத்தி ஒன்னுமே சொல்லல. என்னப் பாத்துத்தான் கேட்டாரு. எட்டு மாசத்துல பாதி ஆளா ஆயிட்டீங்களே, தூங்கறீங்களா, சாப்டறீங்களான்னு. யாரும் அதுவரைக்கும் என்ன அப்டிக் கேக்கல. அழுகை வந்துச்சி. அத போய் உன்கிட்ட எப்டி சொல்றது?"

"அப்போ சீசன்?"

"மூணு மாசத்துக்கு எடுத்தேன். ஒம்போது நாள்ல இப்டி ஆச்சி. இந்த வாட்டி கவுண்டர்ல நின்னா, மூணுன்னு சொல்ல வாய் வரல." சீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "எங்கப்பா தங்கச் சுரங்கத்துல ஷாஃப்ட்ல எறங்கும்போது எங்கம்மா அந்த ஷிப்டுக்கு மட்டுந்தான் ஜெபம் பண்ணுவாங்க. மேல வந்தாத்தான் அடுத்த ஷிப்டுக்கு ஜெபம். மொத்தமா கேட்டா ஆண்டவர் கொடுக்கமாட்டாருன்னு ஒரு பயம். எனக்கும் அதே பயந்தான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு மாதம் என்னைச் சாகடித்துவிட்டு ஷிப்டு கதை சொல்கிறார். திட்டவும் திட்டினேன், நன்றாகவே திட்டினேன். திட்டி முடித்த பிறகு பார்த்தால், வெல்டிங் பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறிய அந்தக் கை அசையாமல் இருந்தது. பெரிய பெரிய இயந்திரத்துக்கெல்லாம் பற்றவைக்கிற கை. ஒரு மாதமாக நான் இவர் மேல் பட்ட சந்தேகத்தை, ஒன்பது மாதமாக இவர் ஆண்டவர் மேல் பட்டிருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேரும் மாரிகுப்பம் போனோம். வழியில் ஸ்டுடியோவில் குட்டை முடியோடு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன். கவுண்டரில் கூட்டம் இல்லை, எங்களுக்குப் பின்னால் ஒருவர்தான். கார்டை உள்ளே தள்ளினேன்.

"எத்தினி மாசம்?" என்று கேட்டார் உள்ளே இருந்தவர்.

நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நகர்ந்து நின்று, "நீங்க சொல்லுங்க" என்றேன் இவரிடம்.

இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் இருந்தவர், "சொல்லுங்கண்ணா, டைம் ஆவுது" என்றார். தண்டவாளத்தில் வண்டி காலியாக நின்றிருந்தது. நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு" என்றார்.

குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. பதினாறு வருடம் செக்கிங்கில் இருப்பவளுக்கு அது தெரியாமல் போகுமா? தெரிந்தது. இந்த ஒன்றை மட்டும் நான் திருப்பி அனுப்பவில்லை.