அப்பா வெட்டிய பெயர்

எம்.பி.ஏ. படிக்க இங்கிலாந்தில் எனக்கு இடம் கிடைத்தபோது, சேரம்பாடியில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று தெரியாது. ஃபேக்டரியை நடத்தக் கற்றுக்கொடுப்பார்கள் என்று சொல்லி வைத்தேன். "இப்பவும் நீதானே நடத்துறே, அதுக்கு எதுக்கு கடல் தாண்டிப் போற?" என்று தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். அதில் பாதி உண்மை. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் ஆபீசில் நான் கிளார்க். எந்த மெஷின் எப்போது மக்கர் செய்யும் என்பது தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். விண்ணப்பத்தோடு கேட்ட கட்டுரையில் அதைத்தான் எழுதினேன். உதவித்தொகையோடு இடம் கொடுத்தார்கள். கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தன்னடக்கம் என் கூடப் பிறந்ததில்லை.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். எனக்குப் பதினோரு வயதில் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தை விட்டு, கோச்சியும் கப்பலும் ஏறி, இங்கே இன்னொரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். ரயிலை அப்பா கடைசிவரை கோச்சி என்றுதான் சொன்னார். நான் படிக்கப் புறப்பட்ட காலத்திலும் ஏதாவது ஒரு குடும்பம் மரப்பெட்டியும் அம்மிக்கல்லுமாக வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

பாஸ்போர்ட் சிரமமில்லாமல் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது சென்னையில் விசா நேர்காணல். படிப்பு முடிந்ததும் நான் ஊர் திரும்புவேன் என்று அவர்கள் நம்ப வேண்டும். அதற்கு, இங்கே எனக்கு வீடும் குடும்பமும் உண்டு என்பதற்குச் சான்று கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. இது என்ன பெரிய விஷயம் என்று அசட்டையாக இருந்துவிட்டு, நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தேன்.

அப்பா, அம்மா, தம்பி பெயர்கள் இருந்தன. என் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'வெளிநாடு சென்றுவிட்டார்' என்று எழுதி ஒரு முத்திரை.

அதே ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் ரூமில் வேலை முடிந்து அப்பா வந்ததும், கை கழுவக்கூட விடாமல் கார்டை நீட்டினேன்.

"யாரு செஞ்சது இது?"

"நாந்தான் புள்ள. பாஸ்போட்டு வந்துருச்சில்ல. போறவங்க பேர வெட்டிட்டுத்தான் போகணும்."

சிலோனில் முறை அப்படி. பாஸ்போர்ட் கையில் வந்ததும் அங்கே ரேஷன் கார்டு மாதிரி இருந்த அரிசிப் புத்தகத்தில் பெயரை வெட்டி, தோட்டத்துப் பதிவிலும் வெட்டினால்தான் கப்பல். வெட்டாமல் கப்பல் ஏறத் தலைமன்னார் வரை போன ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியதை அப்பா நேரில் பார்த்தவர். மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று ஒரு நாள் லீவு போட்டு, தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று, தானே கேட்டு என் பெயரை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"உயிரோட இருக்கையிலேயே தலை முழுகிட்டீங்களா?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடிக்கும்.

அப்பா கார்டை வாங்கி மடித்துக்கொண்டே, "போனவங்க யாரு புள்ள திரும்பி வந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். அவருடைய தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து சிலோன் போனவர், திரும்பவில்லை. சிலோனில் தங்கிவிட்ட தன் அக்காவை அப்பா அப்புறம் பார்க்கவே இல்லை. நான் வெறும் காகிதத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மகளை அனுப்பிவைத்து முடித்தே விட்டிருந்தார். அது புரிந்ததும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் இருவரும் பஸ் பிடித்துத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, வெளிநாடு போனவங்க பேரை மறுபடி சேர்க்கோணும்னா, திரும்பி வந்ததுக்கு அத்தாட்சி வேணுமுங்களே."

"நான் இன்னும் போகவே இல்லீங்க."

"அதுக்கும் ஒரு அத்தாட்சி வேணுமுங்க."

அப்பா என் கையைப் பிடித்து, "வா போயிரலாம்" என்று முணுமுணுத்தார். நான் நகரவில்லை. பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஆபீசர் முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். எல்லாம் வெள்ளை. ஒரு முத்திரை இல்லை.

"போயிருந்தா இதுல குத்தியிருப்பாங்களே சார். இத்தனை பக்கமும் அத்தாட்சிதான்."

அவர் சிரித்துவிட்டார். விண்ணப்பம் எழுதச் சொன்னார். வெட்டிய பெயருக்குக் கீழேயே என் பெயரை மறுபடி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சென்னையில் என்னை விசாரித்த வெள்ளைக்காரர் அந்தக் கார்டைப் பார்த்ததும், இந்தச் சிவப்புக் கோடு என்ன என்று கேட்டார். மறைக்காமல் முழுக் கதையும் சொன்னேன். சரி, நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன உறுதி என்றார்.

"போனவர்கள் திரும்பி வந்த வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நான்தான் முதல் ஆள்" என்றேன். விசா கிடைத்தது.

சேரம்பாடி பஸ் நிறுத்தத்தில் லைனே திரண்டு நின்று அழுதது. எங்கள் ஆட்களுக்கு வழியனுப்புவது என்றால் அதுதான் தெரியும். அப்பா அழவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, "இப்ப பேர வெட்டிரவா?" என்று கேட்டார்.

"விட்டுருங்கப்பா. ஒரு வருசம்தான்."

இங்கிலாந்தில் என் வகுப்பில் வெளிநாட்டு மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். மற்ற பலரும் கம்பெனி முதலாளிகளின் பிள்ளைகள். குளிரைப் பற்றி எல்லோரும் என்னை எச்சரித்தார்கள். பனிக்காலத்தில் விடியற்காலை ஃபேக்டரிக்கு நடந்து போனவளுக்கு அது ஒன்றுமில்லை. அவர்கள் டீ போடும் விதத்தைத்தான் சகிக்க முடியவில்லை. முதல் மாதம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள், ஒரு தோட்டத்தில் விளைச்சல் ஏன் குறைகிறது என்று வகுப்பில் விவாதம் வந்தது. ஆளுக்கு ஆள் கரும்பலகையில் படம் போட்டார்கள். கொழுந்து எடுப்பவர்களிடம் யாராவது கேட்டீர்களா, ஈரம் என்று சொல்லித் தராசில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று பார்த்தீர்களா என்றேன். பேராசிரியர் சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து என்னை நிறுத்த முடியவில்லை.

படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு வேலை வந்தது. நல்ல வேலை. இரண்டு நாள் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பிறகு ஊருக்கு டிக்கெட் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கீழே வைத்ததும் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரேஷன் கார்டையும் பையையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஊருல இல்லாத ஆளுக்குச் சீனி வாங்கக்கூடாதுன்னு உன் பங்கை வாங்கல. ஆனா பேர வெட்டல. நீயே போய் வாங்கு. ஆளைப் பாக்கட்டும்."

முகம்கூடக் கழுவாமல் போய் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். பின்னாலேயே அப்பாவும் வந்து ஓரமாக நின்றுகொண்டார். கடைக்காரர் கார்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். சிவப்புக் கோட்டைத் தாண்டி என் பெயருக்கு வந்ததும், "இவங்க?" என்று நிமிர்ந்தார்.

"இருக்கேன்" என்றேன், அப்பாவுக்குக் கேட்கும்படி.