மறுபக்கம் தேய்க்காத கல்

செங்கல்லை வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் மூன்று முறை அழுத்தித் தேய்ப்பார். தேய்த்துவிட்டு மருதப்பன் குனிந்து பார்ப்பதில்லை. எதிரில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். "பாருங்க, ஒரு பொட்டுக் கரி இருக்கா?"

இந்தோனேசியாவின் கலிமந்தானில் நிலக்கரி வெட்டும்போது கூடவே வந்து மலையாகக் குவிகிற கழிவுக் கல்லையும் மண்ணையும் அங்கேயே அரைத்துப் பிசைந்து சுட்ட செங்கல் அது. சிங்கப்பூரில் அதை விற்பது ஐம்பத்து நான்கு வயது மருதப்பனின் வேலை. நிலக்கரி என்றதும் கேட்பவர்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். அதற்காகவே ஐந்து வெள்ளைச் சட்டை வாங்கினார்.

ரயிலில் கல் அவர் மடியில் உட்கார்ந்து வரும். நிலையத்தில் பை சோதிப்பவர்கள் இப்போதெல்லாம் திறக்கச் சொல்வதில்லை. கல்லு அங்கிள் என்று வழிவிடுகிறார்கள். புக்கிட் பாஞ்சாங் வீட்டில் மட்டும் அதற்கு இடமில்லை. செருப்புக்குப் பக்கத்தில் வெளியேதான் தூங்கும். "ஊருக்கு வேணா வித்துக்குங்க, என் வீட்டுக்குள்ள வேணாம் லா," என்று மனைவி சுசீலா சொல்லிவிட்டார்.

எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் தேய்ப்பார். மூன்று மாதத்தில் அந்தப் பக்கம் சோப்புக்கட்டி போல வழவழத்துவிட்டது. மறுபக்கத்தையும் தேய்த்துப் பார்க்கலாமே என்று சுசீலா கேட்டதற்கு, நல்லாப் போய்க்கிட்டிருக்கிறதை எதுக்குச் சீண்டணும் என்றார். அதுவரை ஒரு கல்கூட விற்றிருக்கவில்லை.

முதலாளி வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்தார். அதற்குள் ஒரு ஆர்டராவது வராவிட்டால் பழையபடி கிடங்கில் பெட்டி அடுக்கப் போக வேண்டியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை, சிராங்கூன் சாலையை ஒட்டிய பதுருன்னிசாவின் பிரியாணிக் கடைக்குப் போனார். பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்துக்குத் தரை போட வேண்டுமாம். அறுபது வயது அம்மாள், லேசில் எதையும் நம்பாதவர். அங்கே கவிழ்த்து அடுக்கியிருந்த பிரியாணிச் சட்டிகள்மேல் சாய்ந்துகொண்டு மருதப்பன் விவரமெல்லாம் சொன்னார். நெஞ்சில் தேய்த்துக் காட்டினார். முழுச் சட்டையும் தெரியட்டும் என்று பெருமையாக ஒரு சுற்றும் சுற்றினார்.

முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி.

"இது என்ன தம்பி?"

சட்டிக் கரி என்றால் அந்த அம்மாளின் சுத்தத்தைக் குறை சொன்னதாகும். சொல்லாவிட்டால் பழி கல்லுக்கு. மருதப்பன் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சொன்னார்.

"முதுகுல நான் தேய்க்கவே இல்லக்கா."

"அப்ப என் சட்டியா? தெனம் மூணு வாட்டி வெளக்குறோம்."

பதிலுக்குக் காத்திராமல் அந்த அம்மாள் கல்லை வாங்கிக்கொண்டார். வழவழத்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதைப் புரட்டி, மறுபக்கத்தைத் தம் வெள்ளை முக்காட்டின் முனையில் வைத்து அழுத்தினார்.

மருதப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.