மெதுவாகப் பறக்கவேண்டிய சம்மனசு

ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து ஒருகொடவத்தையில் ஒரு லொறி கராஜில் வேலைக்குச் சேர்ந்த மாமா, முதற் சம்பளத்தில் நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்குவார் என்று அம்மா எதிர்பார்த்தார். அவர் வாங்கிவந்தது ஒரு விமான எஞ்சின்.

பழைய இரும்புக் கடையில் கிடைத்ததாம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விளையாட்டு விமானங்களுக்கென்று வெளிநாட்டில் எப்போதோ செய்தது. மாமா அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, சின்ன மர விசிறியொன்று பூட்டி, ஒரு பின்னேரம் முற்றத்தில் வைத்து முடுக்கினார். அது போட்ட சத்தத்தில் எங்கள் ஒழுங்கையில் இருந்த நாய்களெல்லாம் ஓடிவிட்டன. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "நிப்பாட்டடா தம்பி!" என்று கத்தினார்.

"இதை நிப்பாட்டேலாது அக்கா. எண்ணெய் முடிஞ்சால் தானா நிக்கும். இதுக்கு ஒரே ஒரு வேகந்தான்."

போர்க்காலக் கொழும்பில் அப்படியொரு சத்தம் ஒரு வீட்டுக்கு நல்லதல்ல. அதுவும் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒழுங்கையின் வாசலிலேயே மண்மூட்டை அடுக்கிய காவலரண் இருக்கும்போது. மாமாவை ஏற்கெனவே ஒருமுறை பொலிஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை. அப்பா மாதா கோயில் சுவாமியையும் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்து அவரை மீட்டுவந்தார். அதற்குப் பிறகு மாமா வீட்டில் அதிகம் பேசுவதில்லை. எஞ்சினைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசுவார். அதனால் நான் அடிக்கடி கேட்பேன்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு காபரேட்டர். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் கூடியது. தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுவதுபோல வேகத்தைத் திறந்து மூடலாம் என்றார். அந்தக் காலத்து எஞ்சினுக்கு அந்தக் காலத்துக் காபரேட்டரே பொருந்தும் என்பதால் ஞாயிறுதோறும் தேடி அலைந்தார். கடைசியில் தெஹிவளையில் ஒரு சிங்களப் பெரியவர், தான் முன்னொரு காலத்தில் பறக்கவிட்ட விமானமொன்றிலிருந்து கழற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ஓடினால் வந்து சொல்லு" என்று மட்டும் சொன்னாராம். பித்தளையில், புளியங்கொட்டை அளவில் இருந்தது. பக்கத்தில் ஒரு குட்டிக் கைப்பிடி. அதைப் பூட்டியதும், அலறிய எஞ்சின் தொண்டையைச் செருமுவதுபோல மெதுவாக ஓடியது. மாமா சிரித்ததை அன்றுதான் நான் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன்.

இயேசு பாலன் பிறந்த நத்தார்ப் பண்டிகை வந்தது. முற்றத்தில் எல்லா வீட்டாரும் சேர்ந்து பாலன் குடில் கட்டினோம். அதற்கு மேலே, நற்செய்தி சொல்லவந்த வானதூதராகிய சம்மனசைக் கயிற்றில் தொங்கவிடுவது வழக்கம். இந்த வருடம் சம்மனசு பறக்கும் என்று மாமா அறிவித்தார். நடுவில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் நீண்ட சட்டமொன்றைச் சுழலும்படி பொருத்தினார். சட்டத்தின் ஒரு நுனியில் எஞ்சின். மறு நுனியில் வெள்ளைச் சட்டை போட்ட சம்மனசு. காபரேட்டரின் கைப்பிடியில் கட்டிய நைலோன் நூல் குழாய்க்குள்ளால் கீழே வந்தது. இழுத்துப் பிடித்தால் மெதுவாகச் சுற்றும். விட்டால் சுருள்கம்பி இழுத்து வேகத்தை முழுதாகத் திறந்துவிடும். அதனால் மாமா நூலைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். முன்யோசனையாக அன்று காலையே காவலரணுக்குப் போய், அங்கிருந்த வயதான ஆமிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதியும் வாங்கியிருந்தார்.

பின்னேரம் ஒத்திகை. சம்மனசு குடிலுக்கு மேலே நிதானமாக வலம் வந்தது. முன்வீட்டு மாமி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மூன்றாவது சுற்றோ நான்காவதோ, எஞ்சின் சூட்டில் நூல் உருகி அறுந்தது.

எஞ்சின் அலறியது. சட்டம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்ற, சம்மனசின் செட்டை ஒன்று பிய்ந்து பறந்தது. குடிலின் வைக்கோல் முற்றமெல்லாம் சிதறியது. சனங்கள் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். அந்தக் காலத்தில் சத்தம் கேட்டால் படுத்துக்கொள்ள ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒழுங்கை வாசலிலிருந்து ஒரு ஆமிக்காரன் துவக்கை நீட்டியபடி ஓடிவந்தான். காலையில் நின்றவர் இல்லை, காவல் மாறியிருந்தது. இவன் மீசை அரும்பாத பெடியன். "மேக்க நவத்தன்ன!" என்று கத்தினான். நிறுத்தச் சொல்கிறான். மாமா இரண்டு கைகளையும் தூக்கினார். நிறுத்த முடியாது, எண்ணெய் முடிந்தால் தானாக நிற்கும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார். அந்த இரைச்சலில் அவனுக்கு என்ன கேட்டிருக்கும்! துவக்கு மாமாவின் நெஞ்சுக்கு நேரே வந்தது.

அம்மா என்னை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் யன்னலால் பார்த்தேன். கொடியில் கிடந்த ஈரப் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு, அம்மா நேரே முற்றத்தின் நடுவுக்குப் போனார். துவக்குக்கும் மாமாவுக்கும் இடையில் நின்று, விரிப்பை விரித்து எஞ்சின் வரும் பக்கமாக மேலே வீசினார். விசிறி விரிப்பைக் கவ்வியது. ஒரு கிழிபடும் சத்தம். பிறகு அமைதி.

"வெடி தியன்ன எப்பா புதே," என்றார் அம்மா. சுடவேண்டாம் மகனே. "இது எங்கட பாலன் குடில். அது சம்மனசு." கடைசி இரண்டையும் தமிழிலேயே சொன்னார்.

அந்தப் பெடியன் தலைகீழாகத் தொங்கிய ஒற்றைச் செட்டைச் சம்மனசைப் பார்த்தான். துவக்கைத் தாழ்த்தினான். அவனுக்கும் மூச்சு வாங்கியது. மாமா விரிப்பை விலக்கி எஞ்சினைக் காட்டினார். அவன் விரலால் காபரேட்டரின் கைப்பிடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தான். தன் மேலதிகாரியான பெரிய சேர் வரமுதல் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு நடந்தான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. அவனுடைய அம்மாவிடம் அவன் முழுதாகத் திரும்பிப் போயிருக்க வேண்டும் என்று இப்போதும் ஒவ்வொரு நத்தாருக்கும் வேண்டிக்கொள்கிறேன். கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் மாமாவும் அப்படியே வேண்டிக்கொள்வதாகச் சொல்கிறார்.

அவன் போனதும் யாரோ சிரிக்கத் தொடங்க, முற்றம் முழுவதும் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "என்ர நல்ல விரிப்பைக் கிழிச்சுப்போட்டியே!" என்று மாமாவை வாய் ஓயாமல் ஏசினார். ஒரு துணிக்காக இவ்வளவு கோபமா என்று எனக்கு அம்மாமேல் வருத்தமாக இருந்தது.

எல்லோருக்கும் தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனவர் நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் நின்று தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒன்று முறிந்தது. அடுத்தது பெட்டியின் பக்கத்தில் படாமலே வழுக்கிப்போனது. காலடியில் முறிந்த குச்சிகள் கிடந்தன.

மார்கழி மழையில் தீப்பெட்டி நமத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சந்திக் கடையில் புதுப்பெட்டி ஒன்று வாங்கிவந்து, பெரிய உதவி செய்துவிட்ட பெருமையோடு அம்மாவின் கையில் வைத்தேன்.