அக்காவின் விரலில் நின்றுபோன ரத்தம்

அன்றைக்கு நான் போட்ட கத்தலில் காசிமேடு மீன் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அக்காவின் விரலில் வந்த ரத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

அக்கா மார்க்கெட்டில், மற்றவர்கள் வாங்கி வரும் மீனை ஆய்ந்து கொடுக்கிறவள். சங்கரா முள்ளும் கத்தியும் அவள் விரல்களை விட்டுவைத்ததே இல்லை. இந்த வெயில் காலத்தில் மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் என்கிற உலோக வலைக்குழலை வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். ரத்தக் குழாயின் உள்பக்கம் முழுக்க மெல்லிய செல்கள் படிந்திருக்கின்றனவாம். அவை நைட்ரிக் ஆக்ஸைடு, புரோஸ்டாசைக்ளின் என்ற பொருள்களைச் சுரந்து, ஓடுகிற பிளேட்லெட்டுகளிடம் ‘இங்கே ஒட்டாதே, போய்க்கொண்டே இரு’ என்று ஓயாமல் சொல்லுமாம். டெங்கு வந்த வீடுகளில் எண்ணிக்கை குறைந்ததென்று பேசுவார்களே, அதே பிளேட்லெட்தான். குழாய் கிழிந்த இடத்தில் அவை ஒட்டிக்கொண்டு, த்ராம்பாக்ஸேன் என்ற பொருளை வெளியிட்டு மற்றவற்றையும் கூப்பிடும். விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்பது இதனால்தான். ஆனால் புது வலைக்குழலின் மேல் அந்தச் செல்கள் இல்லை. ‘ஒட்டாதே’ என்று சொல்ல அங்கே ஆளில்லை; பிளேட்லெட்டுகள் ஒட்டிக் கட்டியானால் குழாய் அடைத்து மறுபடி மாரடைப்புதான். செல்கள் வளர்ந்து மூடும்வரை பிளேட்லெட்டின் கூப்பாட்டை மாத்திரைதான் அடக்க வேண்டும்.

“காயம் பட்டா ரத்தம் நிக்க நேரமாகும். எங்களைக் கேக்காம மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா” என்றார். அக்கா தலையாட்டினாள். அதை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். என்னிடம் பேசிக்கொண்டே வெட்டியவளின் விரலில் கத்தி இறங்கியது. பக்கத்துக் கடைக்கார அம்மா மஞ்சள் தூளை அள்ளி அப்பினார். துணியை எடுத்துப் பார்த்தால் ரத்தம் இல்லை.

“பாத்தியா தம்பி, மஞ்சா வச்சதும் கப்புனு நின்னுகிச்சு!” அந்த அம்மாவுக்கு ஒரே பெருமை.

நான் துணியை வாங்கிப் பார்த்தேன். போன மாதம் இதைவிடச் சின்னக் கீறலுக்கு முழுத் துணியும் நனைந்தது.

“மாத்திர போடுறியா இல்லியா?” என்று கத்தினேன்.

“இன்னாத்துக்கு ஊரக் கூட்டுற? நிறுத்திட்டேன். போன தபா காருல வந்த அம்மா, என் ரத்தம் பட்டுச்சுன்னு வஞ்சரத்த என் மூஞ்சிக்கு நேரா வீசிட்டுப் பூட்டாங்க. ரத்தம் ஒழுகினு இருந்தா எவன்டா என்னாண்ட மீன் குடுப்பான்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செவுளைத் தூக்கி, ரத்தம் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தானே மீனை வாங்குகிறார்கள்! மீன் ரத்தம் சிவப்பாக இருந்தால் சந்தோஷம், அதை வெட்டிக் கொடுக்கிறவள் ரத்தம் அருவருப்பு. கழுவித் தரச் சொல்லியிருக்கலாம். வீசுவதற்கு எப்படிக் கை வந்தது? அக்கா மேலேயும் ஆத்திரம்தான். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. முன்பின் தெரியாத ஒருத்தி முகம் சுளித்தாள் என்பதற்காகத் தன் உயிரையா பணயம் வைப்பாள்?

கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நல்லவேளை, எதுவும் அடைத்திருக்கவில்லை. டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டு மாத்திரையை மறுபடி தொடங்கினார். வரும் வழியெல்லாம் அக்கா உர்ரென்று இருந்தாள். “கிராக்கிக்கு நீ வந்து பதில் சொல்லுவியா?” என்றாள். சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் அவள் கடையில்தான் நிற்கிறேன்.

போன வாரம் சங்கரா முள் குத்தியது. துணியை அழுத்திப் பிடித்தும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. மீன் கொடுக்க வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

“போச்சுடா கிராக்கி” என்று அக்கா என்னை முறைத்தாள்.

“போவட்டும்க்கா” என்றேன். துணி நனைந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.