கொடுத்தல் என்னும் வினைச்சொல்

அகராதி ஒன்றுக்காக லத்தீன் சொற்களின் வேர்களைத் தேடுவது என் வேலை. தம்பிக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு டயாலிசிஸ் வார்டின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துதான் அதைச் செய்தேன். அன்று வாய்த்த சொல் 'டாரே'. கொடுத்தல் என்று பொருள். வேறு சொல்லே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

என் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயார் என்று முன்பே சொல்லியிருந்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் எடுக்க முடியாது என்றார் டாக்டர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். வேலூரில் கேட்டேன், அங்கும் அதே பதில். அடுத்து சென்னையில் கேட்பதாக இருந்தேன்.

அந்தச் சொல் வாய்த்த நாள் பௌர்ணமி. நாங்கள் வீட்டுக்குப் போகவேண்டிய கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். டயாலிசிஸ் முடிந்து துவண்டிருந்த தம்பியைக் கிரிவலக் கூட்டத்துக்குள் நடத்திக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மோர், தண்ணீர், சாம்பார் சாதம் என்று கையில் திணித்தார்கள். அவனுக்கோ தண்ணீர்கூட அளந்துதான். வேண்டாம் என்றால் யாரும் விடவில்லை. மோர் நீட்டிய ஒரு அம்மாவிடம் நான் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மூடியிருந்த ஒரு கடைப்படியில் உட்கார்ந்தோம். இன்றைக்கு என்ன வார்த்தை என்று கேட்டான். சொன்னேன். நம்ம 'தா'விலிருந்துதானே போயிருக்கும் என்றான். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. இல்லையடா, ஒலி ஒன்றுபோல இருந்தால் உறவாகிவிடுமா என்றேன். லத்தீன் டாரே, கிரேக்க டிடோமி, சமஸ்கிருத ததாமி, இவைதான் பங்காளிகள். இவற்றுக்கெல்லாம் மூலமான சொல்லை யாரும் எழுதிவைக்கவில்லை; பிள்ளைகளைப் பார்த்துத் தாயை ஊகிப்பதுபோல ஊகித்து, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவோம் என்று விளக்கினேன்.

"யாரும் எழுதல, யாரும் கேக்கல. அப்புறம் எப்படி இருந்துச்சுனு சொல்ற?"

"இருந்திருந்தாத்தான் இதெல்லாம் வந்திருக்க முடியும்."

கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ குடுத்திருப்ப, அக்கா. எனக்குத் தெரியும். இனிமே எந்த ஆஸ்பத்திரிலயும் போய்க் கேக்காத. நீ திரும்பி வர்ற மூஞ்சிய என்னால பாக்க முடியல."

கேட்பதையும் விட்டுவிட்டால் அவனுக்காக நான் செய்ய வேறு என்ன இருக்கிறது? ஆனாலும் சரி என்றேன். அவனுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.